கண்ணுக்கு எட்டாத இடத்திலும் கண்ணியம்

பத்தாம் வகுப்பு மாணவி

‘வேலைக்குப் போகிறாள்’ என்று சொல்வதே நம் வழக்கம். வேலை என்றால் அதற்கென்று ஓர் இடம் உண்டு, காலையில் அங்கே போக வேண்டும், மாலையில் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் நம் பேச்சிலேயே பதிந்துவிட்டது. வயலுக்குப் போகிறவரும், பள்ளிக்குப் போகிற ஆசிரியையும், வங்கிக்குப் போகிற கணக்கரும் ‘போகிறவர்’களே. ஆனால் இக்காலத்தில் பலருடைய வேலை, அவர்களைத் தன்னிடம் அழைக்காமல் தானே அவர்களைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் வீரவநல்லூரில் இருந்துகொண்டே சென்னை நிறுவனத்துக்கும் இலண்டன் நிறுவனத்துக்கும் உழைக்கலாம்.

அலுவலகத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையை, நாம் அங்குள்ள பெரியவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்வோம். வீட்டில் தனியே இருந்து வேலை செய்கிறவர் யாரைப் பார்த்துக் கற்பார்? நாளை நம்மில் பலர் இப்படி வேலை செய்யப் போகிறவர்கள். ஆகவே, தொலைவிலிருந்து பணி செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குமுறைகளைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

வேலை வீட்டைத் தேடி வந்த கதை

1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்ற அறிஞர், ஊழியர் அலுவலகத்துக்குப் பயணம் செய்வதற்குப் பதிலாக, வேலையைத் தொலைத்தொடர்புக் கம்பி வழியே ஊழியரிடம் அனுப்பினால் என்ன என்று ஆராய்ந்தார். அதற்கு ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயரும் இட்டார். நெடுங்காலம் அது சிலருக்கு மட்டுமே கிட்டிய வசதியாக இருந்தது. 2020 மார்ச் 25 அன்று கொரோனா தொற்றுக்காக இந்தியா முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அது ஒரே வாரத்தில் இலட்சக்கணக்கானோரின் வாழ்க்கைமுறை ஆயிற்று. நாங்கள் ஐந்தாம் வகுப்புப் பாடங்களைக் கைப்பேசித் திரையில் படித்ததும் அந்தக் காலத்தில்தான்.

நம் பகுதியில் இதற்கு முன்பே ஒரு தொடக்கம் நிகழ்ந்திருந்தது. ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது. மத்தளம்பாறை என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, உலகின் பல நாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்ய முடியும் என்பதை நம் ஊர் இளைஞர்கள் அங்கே காட்டினார்கள். பொதிகை மலையடிவாரத்தில் இருந்தாலும் வேலையின் தரம் குறையாது என்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆற்றங்கரைக்கு இது புதியதா?

ஆழ்ந்து நோக்கினால், வீட்டிலிருந்து வேலை செய்வது தாமிரபரணிக் கரைக்குப் புதியதன்று என்பது விளங்கும். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் ஆகிய ஊர்களின் தெருக்களில் நடந்தால், திண்ணைதோறும் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களைக் காணலாம். கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வருகிறார்கள், வீட்டில் சுற்றுகிறார்கள், எண்ணிக் கட்டிக் கடையில் கொடுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். மேற்பார்வையாளர் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை.

புகையிலைத் தூசி அவர்கள் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்பதும், அந்தப் பீடி புகைப்பவரின் உடலைக் கெடுக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் அந்தத் தாய்மார்களின் வேலையொழுங்கு நாம் கற்க வேண்டிய ஒன்று. எண்ணிக்கை குறையக் கூடாது. சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போவதாக இருந்தால் கடையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாங்கிய இலைக்குக் கணக்கு இருக்க வேண்டும். கடைக்காரருக்கும் கடமைகள் உண்டு. கிழிசல் இலையைத் தள்ளிவிடக் கூடாது. எடை குறைக்கக் கூடாது. நல்ல பீடியைக் காரணமின்றிக் கழிக்கக் கூடாது. இலை மோசமாக இருந்தால் ஆயிரம் பீடிக்கு அது போதாமல், குறைந்த இலையைத் தம் காசில் வாங்கி ஈடுகட்ட வேண்டிய நிலை அப்பெண்களுக்கு நேர்கிறது.

‘வீட்டில் இருந்து செய்வதெல்லாம் ஒரு வேலையா?’ என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1966-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று கூறிற்று. முதலாளிகள் சிலர் அதை எதிர்த்து வழக்காடியபோது, 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1996-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும், வீட்டிலிருந்து உழைப்போரைப் பிற தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இன்று மடிக்கணினி வைத்து வேலை செய்கிறவருக்கு முன்னோடிகள், சுளகு வைத்து வேலை செய்த நம் ஊர்த் தாய்மார்களே எனலாம்.

பத்தமடைப் பாயும் ஒரு பாடம் சொல்கிறது. கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்துக் கிழித்து, வீட்டிலேயே நெய்யப்படும் அந்தப் பாயில் மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்வது வழக்கம். கேட்பவர் எங்கோ இருப்பார். நெய்பவர் பத்தமடையில் இருப்பார். பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் பாய் முழுவதும் வீண். ஆகையால் தொடங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது அத்தொழிலின் முதல் ஒழுங்கு.

கடிதத்தில் நடந்த பணி

இந்த ஆறு கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். புனித பிரான்சிஸ் சவேரியார் 1544-ஆம் ஆண்டில் புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் மாறி மாறித் தங்கிப் பணியாற்றினார். அவருடைய உதவியாளர் மான்சிலாஸ் அதே கரையில் வேறோர் ஊரில் இருப்பார். இருவரையும் இணைத்தவை கடிதங்களே. அந்தக் கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. மக்களிடம் பொறுமையும் அன்பும் காட்டும்படி அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார், செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறார், நலம் விசாரிக்கிறார், தமக்கு விவரமாக எழுதும்படி கேட்கிறார். தொலைவில் இருப்பவரை நடத்தும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

திருவள்ளுவரும் பொருட்பாலில் ‘தூது’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அரசன் பார்வையில் படாத இடத்தில், அரசனுக்காக வேலை செய்கிறவன் தூதுவன். அவனுக்கு அறிவும் சொல்வன்மையும் போலவே நம்பிக்கைக்கு உரிய குணமும் வேண்டும். தொலைவிலிருந்து பணி செய்கிறவர் அனைவரும் ஒருவகையில் தூதுவர்களே.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நேரம் தவறாமை. ‘வீட்டில்தானே இருக்கிறோம்’ என்று எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பது மணிக் கூட்டத்துக்குத் தலை வாராமல் உட்காருவது அழகன்று. குளித்து, உடை மாற்றி, கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே இணைப்பைச் சரிபார்த்து அமர வேண்டும். இடையில் எழுந்து போக வேண்டுமானால், ‘அரை மணி நேரம் இருக்க மாட்டேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். பிற நாட்டவரோடு பணி செய்வோர் அவர்கள் கடிகாரத்தையும் அறிய வேண்டும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால், நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவதால் நமக்கு மாலை 6.30. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

2. முழுமையாக எழுதுதல். சிலர் ‘வணக்கம் மேடம்’ என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார்கள். பெறுபவரோ என்ன, ஏது என்று தெரியாமல் தம் வேலையை நிறுத்த நேரிடும். வணக்கம் சொல்லிய கையோடு, எந்த வேலை, என்ன ஐயம், எப்போதைக்குள் பதில் தேவை ஆகிய மூன்றையும் எழுதிவிட வேண்டும். வேலை நம்மிடம் வந்தால், ‘கிடைத்தது, நாளை மாலைக்குள் முடித்து அனுப்புகிறேன்’ என்று உடனே தெரிவிக்க வேண்டும். ஐயம் இருந்தால் பத்தமடைப் பாய் போலத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்.

3. சொல்லில் இனிமை. நேரில் பேசும்போது முகமும் குரலும் துணை நிற்கும். எழுத்தில் அவை இல்லை. ‘ஏன் இன்னும் முடியவில்லை?’ என்பதை நேரில் சிரித்துக்கொண்டே கேட்கலாம். எழுத்தில் அது அதட்டலாகப் படும். ‘எதுவரை முடிந்திருக்கிறது? உதவி ஏதும் வேண்டுமா?’ என்று கேட்டால் அதே செய்தி கிடைக்கும், மனமும் நோகாது. கோபத்தோடு எழுதியதை அன்றிரவே அனுப்பாமல், காலையில் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. ஒருவருடைய குறையைப் பலர் இருக்கும் குழுவில் எழுதாமல், அவருக்குத் தனியே சொல்வது பண்பு.

4. காணொலிக் கூட்டத்தில் ஒழுங்கு. நாம் பேசாதபோது மைக்கை அணைத்து வைக்க வேண்டும். குக்கர் விசிலும், கொடை விழா ஒலிபெருக்கியும் நமக்குப் பழகியவை. மறுமுனையில் இருப்பவருக்கு அவை பெரும் இடையூறு. சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் இருண்டு தெரியும். வெளிச்சம் முகத்தில் விழும்படி அமர வேண்டும். ஒருவர் முடித்த பின்பே மற்றவர் பேச வேண்டும். கூட்டத்தை அனுமதியின்றிப் பதிவு செய்தலும், வெளியார் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு அதை மறைத்தலும் கூடா.

5. இரகசியம் காத்தல். அலுவலகக் கணினி வீட்டில் இருந்தாலும் அது வீட்டுப் பொருளன்று. தம்பி விளையாடுவதற்கும் சித்தப்பா டிக்கெட் எடுப்பதற்கும் அதைக் கொடுக்கக் கூடாது. கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டக் கூடாது. ஒரு மருத்துவமனையின் கணக்கைப் பார்ப்பவரிடம் நோயாளிகளின் பெயரும் நோயும் இருக்கும். அவை அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போனால் ஒரு குடும்பத்தின் மானமே போய்விடக் கூடும்.

6. இடையூற்றை முன்கூட்டிச் சொல்லுதல். நம் பகுதியில் மின்தடை உண்டு. மழைக்காலத்தில் இணைப்பு அறுவதும் உண்டு. மின்தடை நாளை அறிந்தவுடன் சொல்லிவிட வேண்டும். நாம் இல்லாதபோது வேலையைத் தொடர, அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று உடன் பணியாற்றும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். முடியாது என்பதைக் கெடு முடிந்த பிறகு சொல்வதைவிட, இரண்டு நாள் முன்பே சொல்வதுதான் மரியாதை.

7. யாரும் பார்க்காதபோதும் நேர்மை. ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களுக்கு இரகசியமாக வேலை செய்து, இருவரிடமும் முழு நேரத்துக்குச் சம்பளம் பெறுவோர் உண்டாம். பிறர் செய்ததைத் தம் பெயரில் அனுப்புவோரும் உண்டு. மேலதிகாரி கண்ணில் இது படாமல் போகலாம். ஆனால் ஒருவர் இப்படிச் செய்து பிடிபட்டால், ‘ஊரில் இருந்து வேலை செய்பவர்களை நம்ப முடியாது’ என்று எல்லார்க்கும் அல்லவா கதவு அடைபடும்!

மேலிருப்பவர்க்கும் ஒழுங்கு உண்டு

பீடிக் கடைக்காரருக்குக் கடமைகள் இருப்பது போல, தொலைவிலிருந்து வேலை வாங்குபவருக்கும் கடமைகள் உண்டு. கூலி குறித்த நாளில் வர வேண்டும். வேலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு அழைத்து, ‘வீட்டில்தானே இருக்கிறீர்கள், உடனே முடித்துக் கொடுங்கள்’ என்பது முறையாகாது. அலுவலகத்துக்குப் போகிறவருக்கு மாலையில் வாயிற்கதவு சாத்தப்படும். வீட்டில் இருப்பவருக்குச் சாத்துவதற்குக் கதவே இல்லை. இதை உணர்ந்தே சில நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன. பிரான்சில் 2017 சனவரி முதல், வேலைநேரம் முடிந்தபின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் 2021-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் இதற்கான விதிகளைக் கொண்டுவந்தன. நாள் முழுவதும் கேமராவைத் திறந்து வைக்கச் சொல்வதும் சரியன்று. ஓரறை வீட்டில் கேமராவைத் திறந்தால், தூங்கும் பாட்டியும் உடை மடிக்கும் அம்மாவும் அதில் தெரிவார்கள் அல்லவா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதியை அழித்த வெள்ளத்தை யாரும் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரமும் தொலைபேசியும் பல ஊர்களில் அற்றுப்போயின. அப்படிப்பட்ட நாளில் ஒரு பெண்ணிடமிருந்து பதில் வராவிட்டால், தொலைவிலிருக்கும் அதிகாரிக்கு அது சோம்பலாகத் தோன்றக் கூடும். காணாத இடத்தில் இருப்பவரைப் பற்றி முதலில் நல்லெண்ணமே கொள்ள வேண்டும். ‘ஏன் அனுப்பவில்லை?’ என்பதற்கு முன்னால் ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்பவரே நல்ல தலைவர்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்

இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் நாங்கள் பணிவோடு ஒன்று சொல்ல விரும்புகிறோம். அண்ணன் கணினி முன் அமர்ந்தால், ‘சத்தம் போடாதீங்க, அவன் வேலை பாக்கான்’ என்கிறோம். அக்கா அமர்ந்தால், ‘ஏட்டி, சும்மாதானே இருக்கே, அடுப்ப ஒரு எட்டுப் பாரு’ என்கிறோம். இருவர் செய்வதும் ஒரே வேலை. பீடி சுற்றும் அம்மாவும் இப்படித்தான் நடுநடுவே எழுந்து உலை வைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்குச் சோறூட்டி, இரவு விளக்கடியில் மீதியைச் சுற்றி முடிக்கிறார். அவருடைய உழைப்பு வேலை என்ற கணக்கில் வராமல் போனதற்கு, அவர் வீட்டில் இருந்ததே காரணம்.

நம் வீட்டில் யார் வேலை செய்தாலும், அவருக்கென்று ஒரு மூலையும் சில மணி நேர அமைதியும் கொடுப்போம். அந்த நேரத்தில் வரும் விருந்தினரிடம், ‘பிள்ளை வேலையில இருக்கா, ஆறு மணிக்கு வருவா’ என்று பெருமையோடு சொல்வோம். வீட்டு வேலையை அனைவரும் பகிர்ந்துகொள்வோம். இதுவும் தொழில் ஒழுங்கின் ஒரு பகுதியே.

முடிவுரை

படித்து முடித்த பெண்கள் வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும் என்ற நிலை இருந்தது. வெளியூர் அனுப்ப மனமில்லாத வீடுகளில், படிப்பு பரணில் ஏறியது. திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள் பலர். தொலைவிலிருந்து பணி செய்யும் வழி, அத்தகையோர்க்கு ஒரு புதிய வாயிலைத் திறந்திருக்கிறது. பெற்றோரைப் பேணிக்கொண்டே, பிறந்த மண்ணில் இருந்துகொண்டே, தம் சொந்தக் காலில் நிற்க அது உதவும்.

அந்த வாயில் திறந்தே இருப்பது நம் நடத்தையைப் பொறுத்தது. கூட இருக்கும் ஊழியரை அதிகாரி கண்ணால் பார்த்து நம்புகிறார். தொலைவில் இருப்பவரை அவருடைய சொல்லையும், அவர் முடித்துக் கொடுக்கும் வேலையையும் வைத்தே நம்ப வேண்டியிருக்கிறது. சொன்னதைச் செய்வோம், செய்ய இயலாததை முன்பே சொல்வோம், பிறர் நேரத்தையும் நம் நேரத்தையும் மதிப்போம். தோழியரே, இவற்றை இப்போதே, வீட்டுப்பாடத்திலும் குழு வேலையிலும் பழகத் தொடங்குவோம். நாளை நம் பின்னால் வரும் தங்கையரை, ‘தாமிரபரணிக் கரைப் பிள்ளையா? நம்பிக் கொடுக்கலாம்’ என்று உலகம் சொல்லட்டும்.